பர்மா ஐயாவின் காவடி

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) மறைந்து ஆண்டுத் திதி முடிந்த கையோடு, அவர் நேர்ந்துகொண்ட சர்க்கரைக் காவடியை இந்தத் தைப்பூசத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டு குன்றக்குடியிலிருந்து நடந்து சென்று பழநியில் செலுத்திவிட்டு வந்தோம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நடை. இதை எங்கள் முயற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முருகன் நடத்திக்கொண்டான், ஐயா கூடவே வந்தார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம், நானும் அதையே நம்புகிறேன்.

ஐயா 1939-இல், பதினான்காம் வயதில், பெட்டியடிப் பையனாக (கடையின் கடைநிலை வேலைப் பையனாக) கப்பலேறி ரங்கூன் போனவர். மொகல் தெருவில் கடைகள் இயங்கிய கிட்டங்கியில், கடைப் பொறுப்பாளரான மேலாளுக்கும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளுக்கும் எடுபிடி வேலை செய்து, இரவில் கைவிளக்கை வைத்துக்கொண்டு பேரேடு எழுதக் கற்றுக்கொண்டார். மூன்று வருடக் கணக்கு (வேலைத் தவணை) முடிந்ததும் ஊருக்கு வரலாம் என்று ஆத்தாளிடம் சொல்லிவிட்டுப் போன பிள்ளைக்கு அந்தக் கணக்கு முடியவே இல்லை. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு போட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் வழியாக நடக்கத் தொடங்கினார்கள், அவர்களில் ஐயாவும் ஒருவர்.

மாந்தளையிலிருந்து மொன்யுவா, அங்கிருந்து சிந்த்வின் (Chindwin) ஆற்றில் படகில் கலேவா, பிறகு மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன கபா பள்ளத்தாக்கைக் கடந்து தமு, மலையேறிப் பலேல், இம்பால், கடைசியில் திமாப்பூர் ரயிலடி. பிள்ளைகளான எங்களுக்கு ராமாயணம் தெரிவதற்கு முன்பே இந்த ஊர்ப் பெயர்கள் தெரியும். வழியில் காலரா வந்தது. உடன் வந்த மேலாளை ஐயா கபா பள்ளத்தாக்கில் ஒரு மரத்தடியில் தம் கையாலேயே மண் தோண்டி அடக்கம் செய்தார். அந்த இரவில், காய்ச்சலில் உடம்பு நடுங்க, "பழநியாண்டவா, என்னை என் ஆத்தாளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, உயிர் உள்ளவரை உனக்குக் காவடி எடுக்கிறேன், எனக்குப் பிறகு என் பிள்ளைகள் எடுப்பார்கள்" என்று வேண்டிக்கொண்டார். விடிந்ததும் காட்டு மூங்கில் ஒன்றை வெட்டி ஊன்றுகோலாக்கிக்கொண்டு மறுபடி நடந்தார். அசாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் வழியில் அமைத்திருந்த முகாம் ஒன்றில் கொடுத்த ஒரு குவளைத் தேநீரைப் பற்றிச் சொல்லும்போது, தொண்ணூறு வயதுக்குப் பிறகும் அவர் குரல் தழுதழுக்கும். 1942 கோடையில் ஊர் வந்து சேர்ந்தபோது இடுப்பில் ஒரு துண்டும் கையில் அந்த மூங்கில் கோலும்தான் இருந்தன. வாசலில் நின்றவரை ஆத்தாளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அடுத்த தையிலேயே காவடி எடுத்தார். அப்போதெல்லாம் போகும்போதும் நடை, திரும்பும்போதும் நடை. போர் ஓய்ந்ததும் எல்லோரும் தடுத்தும் கேளாமல் மீண்டும் பர்மாவுக்குப் போனார்; அந்த ஆண்டுகளில் அங்கே நம்மவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் அவரும், பழநிக்கு ஊரிலிருந்து அவருடைய தம்பியுமாக நேர்த்தியைத் தவறவிடாமல் காத்தார்கள். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கிய பிறகு, மற்ற பல்லாயிரம் பேரைப் போல அவரும் 1964-இல் வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் இழந்து வந்த மனிதர் முதல் காரியமாகக் குன்றக்குடி மலையேறிக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் என்று ஆயா (என் பாட்டி) சொல்லியிருக்கிறார்கள். பின்னர் ஒரு சிறு மளிகைக்கடை வைத்து, நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்து, நாணயம் தவறாமல் வாழ்ந்தார். எண்பது வயதுவரை காவடியை அவரே தோளில் எடுத்தார்; அதற்குப் பிறகு அப்பச்சி (என் அப்பா) எடுக்க, ஐயா பேருந்தில் வந்து மலையடிவாரத்தில் காத்திருப்பார்.

கடைசிக் காலத்தில் தை பிறந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே நடைவழியைச் சொல்லத் தொடங்கிவிடுவார். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று சொல்லிக்கொண்டே வருவார். நினைவு மங்கத் தொடங்கிய பிறகு இரண்டு வழிகளும் ஒன்றாகிவிட்டன. "கலேவா தாண்டியாச்சு, நத்தத்துல தங்கிட்டு விடிஞ்சு தமுவுக்குப் போயிறலாம்" என்பார். மருத்துவமனையில் இதைக் கேட்ட சிலர் பிதற்றல் என்றார்கள். எங்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை; அவர் வாழ்நாள் முழுவதும் நடந்தது ஒரே பாதைதான், அதன் முடிவில் நின்றவனும் ஒருவன்தான்.

இந்த ஆண்டு காவடிகளுக்கு முன்னே செல்லும் ரத்தினவேல் என்னும் வேலுக்குப் பின்னால் குன்றக்குடியிலிருந்து புறப்பட்டபோது எல்லோருக்கும் உற்சாகமாகவே இருந்தது. சிங்கம்புணரியைத் தாண்டும்போதே எனக்குப் பாதம் கொப்பளித்துவிட்டது. திண்டுக்கல்லுக்குப் பிறகு நெடுஞ்சாலையில் இரவு நடை உண்மையிலேயே அச்சம் தருவதாக இருந்தது. விரையும் சரக்கு லாரிகள் காவடிக்காரர்களை உரசிக்கொண்டு போகின்றன, சாலையோரத்து மண்பாதையிலோ கடைகளும் நிறுத்திய வண்டிகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இத்தனை லட்சம் பேர் ஆண்டுதோறும் நடக்கும் வழியில் கால் வைக்க இடம் விட வேண்டாமா? ஆனாலும் அதே சாலையில்தான் நள்ளிரவில் முன்பின் தெரியாத குடும்பங்கள் சுக்குக் காபியும் வெந்நீரும் வைத்துக்கொண்டு, "வாங்க சாமி, உட்காருங்க சாமி" என்று அழைத்து, எங்கள் காலைத் தாங்களே பிடித்துத் தைலம் தடவிவிடுகிறார்கள்.

நத்தத்துக்கு அருகே ஒரு வீட்டில் தலைமுறையாகப் பாதயாத்திரைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். இலை போட்டுக்கொண்டிருந்த பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏப்பா, நீ பர்மா ஐயா வீட்டுப் பிள்ளையா? ஐயா வரலையா?" என்று கேட்டார். அப்பச்சி விவரத்தைச் சொன்னதும், கையிலிருந்த சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டாவது தடவை ரசம் ஊத்துனா, போதும் ஆத்தா, பின்னால வர்றவுகளுக்கு இருக்கட்டும்பாக" என்றார். பிறகு என் இலையில் ரசத்தை அவரே நிறைய ஊற்றினார்.

பழநி அடிவாரத்தில் கூட்டம் சொல்லி முடியாது. கிரிவீதியில் நகர இடமில்லை. "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று சட்டையைப் பிடித்து இழுக்கும் தரகர்களும், தங்கும் அறை முதல் தேங்காய்த் தட்டு வரை விலையை இரட்டிப்பாக்கிச் சொல்பவர்களும், நடந்து களைத்து வந்தவர்களிடமே கைவரிசை காட்டுகிறார்கள். தள்ளாத வயதான அம்மாள் ஒருவரிடம் ஒரு தரகர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பொது வரிசையிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தோம். இப்படி ஏமாற்றுகிறவர்களை ஆண்டவன் சந்நிதிக்கு இத்தனை அருகில் விட்டுவைத்திருப்பது பெரும் வேதனை. திருஆவினன்குடியில் குழந்தை வேலாயுதனைக் கும்பிட்ட பிறகுதான் மனம் ஆறியது.

பூசத்தை அடுத்து வரும் மக நட்சத்திர நாளன்று காவடி செலுத்தினோம். மறுநாள் விடியலில், கூட்டம் சற்றுக் குறைந்திருந்தபோது, விளா பூஜைக்கு மீண்டும் 693 படிகளும் ஏறினோம். வரிசை நகர்ந்து நகர்ந்து சந்நிதிக்கு நேரே வந்தபோது ஆண்டவன் ஆண்டிக்கோலத்தில் நின்றான். எத்தனையோ முறை பார்த்த கோலம்தான். ராஜ அலங்காரத்துக்காகக் காத்திருந்து பார்த்த நாட்களில் இந்தக் கோலத்தை நான் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. அரையில் கோவணம், கையில் தண்டம், வேறொன்றும் இல்லை. நெற்றியில் திருநீறு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைமேல் வந்து நின்றவன். 1942-இல் எங்கள் வீட்டு வாசலில் இடுப்புத் துண்டோடும் மூங்கில் கோலோடும் நின்ற பதினேழு வயதுப் பையன் என் கண்ணுக்குள் வந்துவிட்டான். ஐயா ஏன் ராஜ அலங்காரத்துக்கு ஒருநாளும் அவசரப்பட்டதில்லை, ஏன் எப்போதும் விடியற்காலைப் பூஜைக்கே எங்களை எழுப்பி அழைத்துப் போவார் என்பது அந்த நொடியில் விளங்கியது. அவர் தம்மைக் காட்டில் நடத்திக்கொண்டு வந்தவனைப் பார்க்கப் போயிருக்கிறார். பக்கத்தில் அப்பச்சி "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேண்டிக்கொள்ள நினைத்திருந்த எதுவும் என் வாயில் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளியதும், நகரச் சொன்ன குரலும் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தன. திருநீற்றை உள்ளங்கையில் வாங்கியபோது கை நடுங்கியது.

வெளியே வந்து போகர் சந்நிதியில் அமர்ந்திருந்தபோது தோன்றியதெல்லாம் நன்றி மட்டுமே. முருகா, அந்தப் பள்ளத்தாக்கில் ஐயாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தால் அப்பச்சி இல்லை, அத்தைமார் இல்லை, நான் இல்லை, என் பிள்ளைகள் இல்லை. இரண்டு முறை வெறுங்கையோடு வந்தவருக்குத் தொண்ணூற்றாறு வயதுவரை ஆயுளும், யார் கடனும் வைக்காத நிம்மதியும், தூக்கத்திலேயே உயிர் பிரியும் பேறும் கொடுத்தாய். முன்பின் தெரியாதவர்கள் வைத்த வெந்நீருக்கும், நத்தத்துப் பாட்டியின் ரசத்துக்கும், கொப்பளித்த காலோடு எங்களை மலைவரை கொண்டுவந்ததற்கும் உன்னைத் தவிர யாருக்கு நன்றி சொல்வது? பழநியாண்டவா, அந்த மேலாளின் ஆன்மாவுக்கும், அந்தக் காட்டுவழியில் பெயர்கூடத் தெரியாமல் போன நம்மவர் எல்லோருக்கும் உன் திருவடியில் இடம் கொடு. ஐயாவின் காவடியை எடுக்க எங்கள் வீட்டில் ஆள் குறையாமல் பார்த்துக்கொள். அடுத்த தைக்கும் வருகிறோம்.