உச்சிப்புளியில் மனையா, போலந்தில் ராணுவ ஜீப்பா?

அக்கா மகன் போலந்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருக்கிறான். கையில் நாலு காசு சேர்ந்ததும் உச்சிப்புளிப் பக்கம் மனை பார்க்கச் சொல்வான் என்று அக்கா காத்திருந்தார். அவனோ எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். கொட்டகைக்குள் பச்சை நிறத்தில் ஒரு உவாஸ்-469 நிற்கிறது. "மாமா, சோவியத் காலத்து ராணுவ வண்டி. வருஷத்துக்கு வருஷம் விலை ஏறுகிறதாம். வாங்கிப் போடலாமா?"

நான் பாம்பனில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்ப்பவன். இரும்புக்கு விலை ஏறும் என்று யார் சொன்னாலும், அதன் அடிப்பாகத்தைக் காட்டு என்றுதான் முதலில் கேட்பேன்.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். காஸ்-69 என்ற பழைய ஜீப்புக்கு அடுத்ததாக 1972இல் ரஷ்யாவின் உல்யானோவ்ஸ்க் தொழிற்சாலை இறக்கிய ஜீப் இது. நாலு சிலிண்டர், 75 குதிரைத்திறன், மட்டமான பெட்ரோலிலும் ஓடும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பெட்ரோல் டேங்க். பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் கம்பியைச் செருகிக் கையால் சுற்றியும் கிளப்பலாம். செய்தவனுக்கு ரிப்பேர்காரன் மேல் இரக்கம் இருந்திருக்கிறது.

ஆனால் பச்சை வண்டி எல்லாம் ராணுவ வண்டி ஆகிவிடாது. ராணுவத்துக்காகச் செய்த 469இல் சக்கரத்தை ஒட்டித் தனியாக ஒரு சோடிப் பல்சக்கரம் இருக்கும். அதனால் ஆக்ஸில் சக்கரத்தின் மையத்தைவிட மேலே நிற்கும். தரைக்கும் வண்டிக்கும் 300 மில்லிமீட்டர் இடைவெளி. பொதுமக்களுக்கு விற்ற 469பி-யில் அது 220தான். பெயின்ட் அடித்து நட்சத்திரம் ஒட்டினால் மேலே வித்தியாசம் தெரியாது, குனிந்து பார்த்தால் தெரியும். மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவில் பானட், ஸ்டீயரிங், சீட், விற்பவருடைய நாய் எல்லாம் இருந்தன, ஆக்ஸிலைக் காணோம்.

விலை ஏறும் கதை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் கிழக்கு ஜெர்மனி ராணுவத்தின் தளவாடங்களில் பெரும்பகுதி வேண்டாத சரக்காகிவிட்டது. மற்ற நாடுகளும் தங்கள் பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டின. அப்போது அடிமாட்டு விலைக்கு எடுத்தவர்கள் சொல்லும் லாபக் கணக்கு இன்று விலை கொடுத்து வாங்குபவனுக்குப் பொருந்தாது. நாளைக்கு யார் வாங்குவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். இளம் வயதில் கட்டாய ராணுவ சேவையில் இந்த ஜீப்பை ஓட்டியவர்களுக்கு அதன் மேல் பாசம் இருக்கும். அவர்களுக்கு வயதாகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பாசம் இருக்கும் என்று எதை நம்பிப் பணம் போடுவது?

"ராணுவக் கிடங்கில் சும்மா நின்ற வண்டி, கிலோமீட்டரே ஓடவில்லை" என்று விற்பவர் சொன்னாராம். என்னைக் கேட்டால் அது பயப்பட வேண்டிய செய்தி. இங்கே மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அந்த இரண்டு மாதம் சும்மா நின்ற இன்ஜினை மறுபடி கிளப்பும்போதே எங்காவது ஒழுகும். முப்பது வருஷம் நின்ற வண்டியில் ஆயில் சீல் காய்ந்து கல்லாகியிருக்கும், பிரேக் சிலிண்டர் பிடித்துப்போயிருக்கும், பெட்ரோல் டேங்கின் அடியில் துரு படிந்திருக்கும். டயர் பார்க்கப் புதிதாக இருக்கும். மடிப்பை விரித்தால் வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் உதிரிப்பாகமும் முன்போலச் சுலபமாகக் கிடைக்காது.

அடுத்து ஜில்-131 லாரியைக் காட்டினான். ஆறு லிட்டர் வி8 இன்ஜின். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே, ஓடும்போதே டயரில் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். அரிச்சல்முனைக்கு 2017இல் சாலை திறக்கும் வரை தனுஷ்கோடி மணலில் வேன் ஓட்டியவர்களுக்கு இது கிடைத்திருந்தால் கோயில் கட்டியிருப்பார்கள். எனக்கே ஆசை வந்தது. நூறு கிலோமீட்டருக்குச் சுமார் நாற்பது லிட்டர் பெட்ரோல் என்றதும் போய்விட்டது.

ஊருக்குக் கொண்டுவரும் பேச்சை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டேன். பழைய வண்டி இறக்குமதிக்கான விதிகளும் சுங்க வரியும் ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே அடிக்கும் உப்புக்காற்றுக்குப் பயந்து புதிய பாம்பன் பாலத்தையே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் கொண்டு கட்டியிருக்கிறார்கள். ஜீப் எம்மாத்திரம்?

அக்காவின் கட்சி மனை. மனைக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். வண்டிக்கு அந்த வேலையை நாமே செய்ய வேண்டும்: சேஸிஸ் எண், இன்ஜின் எண், தகட்டில் உள்ள வருஷம் மூன்றும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிற்காலத்துக்கான சேமிப்பு என்றால் நான் அக்கா பக்கம். ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் ஆக்கிக்கொள்ள ஒரு வண்டி வேண்டும், போட்ட பணம் போனாலும் தூக்கம் கெடாது என்றால் வாங்கட்டும். இதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

"சரி மாமா, இந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்றான். பழைய துணி ஒன்றை விரித்து அடியில் படுத்து ஆக்ஸிலையும் சேஸிஸையும் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனதும் பானட்டில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜின் கிளம்பத் திணறுவது தெரியாமலிருக்க அவன் வருவதற்கு முன்பே விற்பவர் கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறும் வரை அங்கேயே உட்கார்ந்து டீ குடி என்றேன்.