வரி போடாமல் விட்ட வசனம்

'ப்ரொமீதியஸ்' படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, அந்தப் படத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்து ஏமாந்திருந்தேன். 2012 ஜூனில் அது திரைக்கு வந்தபோது முதல் வாரத்திலேயே ஓடிப்போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். 1979இல் 'ஏலியன்' எடுத்த ரிட்லி ஸ்காட், 33 ஆண்டுகள் கழித்து அதே உலகத்துக்குத் திரும்புகிறார்; 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்துக்குப் பிறகு அறிவியல் புனைகதைப் பக்கமே அவர் வரவில்லை என்பதால் எதிர்பார்ப்பு இன்னும் கூடியிருந்தது. என்னைப் போன்ற ரசிகர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய படத்தில், கைவிடப்பட்ட ஒரு கப்பலுக்குள் நுழையும் மனிதர்கள், தொலைநோக்கி போன்றதொரு கருவியின் முன்னால் நாற்காலியோடு சேர்ந்து வளர்ந்து கல்லாகிப் போன ஒரு பேருருவத்தைப் பார்ப்பார்கள். அதன் விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். சற்று நேரம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் பிறகு படம் அதைப் பற்றி எதுவுமே சொல்லாது. எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உருவம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில காட்சிகளில் ஸ்காட் தன் மகன்களுக்கே விண்வெளி உடை மாட்டி நிற்க வைத்தார் என்பது தெரிந்த பிறகும், அதன் மீது எனக்கிருந்த பயம் குறையவில்லை. அது யார், எங்கிருந்து வந்தது, எதை ஏற்றிக்கொண்டு எங்கே போனது? முன்கதை எடுக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் இதற்குத்தானே பதில் வர வேண்டும்?

பதில் வரத்தான் செய்தது; நாங்கள் கேட்ட கேள்விக்கு வரவில்லை. கல்லாகிப் போன உடல் என்று நாங்கள் நினைத்திருந்தது வெறும் உடையாம். தும்பிக்கை போன்ற அந்த முகம் தலைக்கவசமாம். கழற்றிப் பார்த்தால் உள்ளே வெளுத்த தோலுடன் ஏறக்குறைய நம்மைப் போன்ற ஓர் ஆள். அவனும் நாற்காலியில் உட்கார்ந்தபடி சாகவில்லை. கதை நடக்கும் நிலவே பழைய படத்தின் நிலவு கிடையாது. வரைபடத்தில் ஓர் ஊரைத் தேடிப் போய், அதே பெயரின் சாயலில் உள்ள வேறோர் ஊரில் இறங்கியவனைப் போல அரங்கை விட்டு வெளியே வந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஓடிடி தளத்துக்காக அந்தப் படம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. எங்கள் தொழிலில் ஒரு படத்தை யாரும் முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பதில்லை. மூன்று வினாடி, நான்கு வினாடி என்று துண்டு துண்டாகத்தான் பார்க்கிறோம், ஒவ்வொரு துண்டையும் பத்துத் தடவை. வரிக்கு ஏறத்தாழ 42 குறியீடுகள், திரையில் அதிகபட்சம் இரண்டு வரிகள், அதற்குள் பேச்சை அடக்க வேண்டும். ஆங்கிலத்துக்காக வகுத்த இந்தக் கணக்கு தமிழைப் பிழிந்து எடுத்துவிடும். 'பொறியாளர்கள்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. ஆனால் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது பன்னிரண்டு. இப்படிக் கணக்குப் பார்த்துப் பார்த்து ஒரு படத்தைப் படிக்கும்போது, ரசிகனாக இருந்த காலத்தில் காதில் விழாத பலதும் விழத் தொடங்கும்.

முதல் சிக்கல் சொற்பட்டியலிலேயே வந்தது. பெயர்கள், இடங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஆகியவற்றை முதலில் ஒரு பட்டியலாக்கிச் சரிபார்ப்பாளருக்கு அனுப்புவது வழக்கம். எங்கள் சரிபார்ப்பாளர் வயதில் இளையவர், இந்த வரிசைப் படங்கள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். நிலவின் பெயர் 'எல்வி-223' என்று நான் போட்டிருந்ததற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "எண் தவறு, 426 என்று இருக்க வேண்டும்" என்று குறிப்பு எழுதியிருந்தார். தொலைபேசியில் அழைத்தேன். "மூலத்திலேயே 223தான் இருக்கிறது" என்றேன். "தெரியும் சார். அவர்களும் தவறாகத்தான் போட்டிருக்கிறார்கள்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, 426 என்ற எண்ணே 1986இல் வந்த இரண்டாம் படத்தில்தான் வருகிறது, முதல் படத்தில் அந்த நிலவுக்கு எண் எதுவும் சொல்லப்படவில்லை என்று நினைவூட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் எதற்கு சார் இதை ப்ரீக்வல் என்கிறார்கள்?" என்று கேட்டார். 2012இல் நான் கேட்ட அதே கேள்வி. ஒரு படத்தின் எண்ணைத் திருத்தியாவது இன்னொரு படத்தோடு தைத்துவிட வேண்டும் என்ற அந்தத் தவிப்பைப் பிறர் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

அடுத்தது, படத்தின் நடுநாயகமான சொல். மனித இனத்தை உருவாக்கியவர்கள் என்று கதை கருதும் அந்த வெளுத்த பேருருவங்களுக்கு நாயகி எலிசபெத் ஷா வைத்திருக்கும் பெயர் 'எஞ்சினியர்கள்'. அந்தப் பெயரைக் கேட்டதும் படத்தில் வரும் விண்கலக் குழுவில் ஒருவர் நக்கலாக, அவர்கள் எதை உருவாக்கினார்கள் என்று கேட்பார். நம்மைத்தான் என்று பதில் வரும். ஆங்கிலத்தில் பெயரும் வினையும் ஒரே சொல். தமிழில் 'பொறியாளர்கள்' என்று வைத்தால், "நம்மைப் பொறித்தார்கள்" என்று வினை வரும். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது எண்ணெய்ச் சட்டியில் போட்டுப் பொரித்ததாகத்தான் தெரியும். 'படைப்பாளிகள்' என்றால் கவிதை எழுதுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள். 'ஆக்கியோர்' என்றால் பழைய புத்தகத்தின் முதல் பக்கம். 'படைத்தவர்கள்' என்று வைத்திருந்தால் ஓசையும் இணங்கியிருக்கும், வினையும் இணங்கியிருக்கும். ஆனால் அதை வைத்த மறுகணமே அவர்கள் தெய்வங்களாகிவிடுகிறார்கள். தொழில்நுட்பம் தெரிந்த யாரோ, செய்துவிட்டுப் போய்விட்டவர்கள் என்ற வறட்டுத்தனம் அந்தச் சொல்லில் இல்லை. ஷாவுக்கு இருப்பது நம்பிக்கை. படம் அவளுக்குக் கொடுப்பது வெறும் எஞ்சினியர்கள். இரண்டு நாள் யோசித்து, பெயருக்குப் 'பொறியாளர்கள்' என்றும் வினைக்கு 'உருவாக்கினார்கள்' என்றும் வைத்து, சொல்விளையாட்டைக் கைகழுவினேன். இன்றைக்கும் அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

இந்த வேலையில் என்னை நிறுத்தி உட்கார வைத்த காட்சி ஒன்று உண்டு. ஷாவின் காதலனும் சக ஆய்வாளனுமான ஹாலோவே, தான் தேடி வந்தவர்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்த ஏமாற்றத்தில் குடித்துக்கொண்டிருப்பான். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த டேவிட் என்ற மனித வடிவ இயந்திரம் அவனிடம் வந்து பேச்சுக் கொடுக்கும். என்னை ஏன் உங்கள் ஆட்கள் உருவாக்கினார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று அது கேட்கும். எங்களால் முடிந்தது, செய்தோம் என்ற பொருளில் அவன் அலட்சியமாகப் பதில் சொல்வான். இதே பதிலை உங்களை உருவாக்கியவரிடமிருந்து நீங்கள் கேட்க நேர்ந்தால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று டேவிட் திருப்பிக் கேட்கும். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். தமிழில் நான் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: ஹாலோவே டேவிட்டை 'நீ' என்கிறான், டேவிட் அவனை 'நீங்கள்' என்கிறது. அந்தக் கடைசிக் கேள்வியில் மட்டும் டேவிட்டை 'நீ'க்கு இறக்கிப் பார்த்தேன். கோபம் வந்தது, கூர்மை போய்விட்டது. 'நீங்கள்' என்றே விட்டபோது, மரியாதையே ஊசியாகக் குத்தியது. அந்த வரியைப் பத்தாவது முறை ஓட்டிப் பார்க்கும்போது, அந்தக் கேள்வி ஹாலோவேயைத் தாண்டி, அரங்கில் கைகட்டிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்த என்னிடமும் கேட்கப்பட்டிருந்தது என்பது உறைத்தது. நாற்காலிக்காரனைப் பற்றிய உண்மை தெரிந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சரி என்று சொல்லிவிட்டு அதை மறந்திருப்பேன்.

உச்சக்காட்சியில் வரும் ஒரு வசனம்தான் எங்கள் வேலையில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கடைசிப் பொறியாளனிடம், இந்தப் பயணத்துக்குப் பணம் போட்டவரும் சாகக் கிடப்பவருமான முதியவர் வேலண்டுக்காக டேவிட் ஆதி மொழியொன்றில் பேசும். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலமொழியை அறிஞர்கள் மீட்டுருவாக்கிய வடிவத்திலிருந்து அந்தப் பேச்சை அமைத்துக் கொடுத்தவர் அனில் பில்ட்டூ என்ற மொழியியலாளர். படத்தின் தொடக்கத்தில் டேவிட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் உருவமாகத் திரையில் வருபவரும் அவரே. அந்தப் பாடம்கூட, 1868இல் ஆகஸ்ட் ஷ்லைஹர் அதே மூலமொழியில் இயற்றிய செம்மறியாடும் குதிரைகளும் கதை. டேவிட் பேசி முடித்ததும் பேருருவம் அதன் தலையைப் பரிவோடு தடவும். அடுத்த கணம் அந்தத் தலையைப் பிய்த்து எடுத்து, அதனாலேயே முதியவரை அடித்துக் கொல்லும். டேவிட் சொன்னது என்ன? திரையரங்கில் அந்த வசனத்துக்கு எந்த மொழியிலும் வரி இல்லை. என் கோப்பிலும் அந்த இடம் வெற்றாகவே வந்தது. மொழிபெயர்க்க வேண்டாம் என்ற குறிப்பு மட்டும் இருந்தது.

வேண்டுமென்றே தவறாகச் சொல்லி டேவிட் தன் எஜமானரைக் கொல்ல வைத்ததா என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னர் பில்ட்டூவே பொருளைச் சொல்லிவிட்டார்: இந்த மனிதர் சாக விரும்பாததால் வந்திருக்கிறார், நீங்கள் அவருக்கு வாழ்வு தர முடியும் என்று நம்புகிறார் என்பதுதான் சாரம். சூது ஒன்றும் இல்லை. இன்னொன்றும் தெரிய வந்தது. அந்தப் பேருருவம் திருப்பிப் பேசும் நீண்ட வடிவம் ஒன்றையும் ஸ்காட் படமாக்கியிருந்தார், வெட்டிவிட்டார், அது பின்னால் வந்த வட்டில் நீக்கப்பட்ட காட்சியாக இருக்கிறது. ஆக, பதில் எழுதப்பட்டது, நடிக்கப்பட்டது, கேமராவில் பதிவானது, அதற்குப் பிறகுதான் இல்லாமல் ஆக்கப்பட்டது. சோம்பேறித்தனத்தால் பதில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று 2012இல் நான் நண்பர்களிடம் அடித்துச் சொன்னதை இந்த இடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சரிபார்ப்பாளர் கேட்டார்: "பொருள் தெரிந்துவிட்டதே சார், போட்டுவிட்டால் என்ன? ரசிகர்கள் நமக்குக் கோயில் கட்டுவார்கள்." ஆசை எனக்கும் இருந்தது. இரண்டு வரிக்குள் அழகாக அடங்கும் வாக்கியம் ஒன்றை எழுதியும் பார்த்தேன். ஓட்டிப் பார்த்தபோது, கண் முழுவதும் கீழே இருந்த எழுத்துக்குப் போய்விட்டது. பேருருவத்தின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. வரியை எடுத்துவிட்டு ஓட்டினால், முதியவரைப் போலவே, ஷாவைப் போலவே, நானும் அந்த முகத்தில் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டேன்.

இதனால் படம் குறையற்றது என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். வசனத்தை வரிவரியாகப் படிப்பவனுக்கு ஓட்டைகள் இன்னும் நன்றாகத் தெரியும். குகையை அளக்கும் கருவிகளைப் பறக்கவிட்டு வரைபடம் போட்டவரே அதே குகைக்குள் வழி தவறுகிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்த உடலைப் பார்த்து மிரண்டு ஓடும் உயிரியலாளர், உயிரோடு படமெடுக்கும் பாம்பு போன்ற ஒன்றைக் கண்டதும் செல்லப் பிராணியைப் போலக் கொஞ்சப் போகிறார். அந்த ஆளின் பேச்சை மொழிபெயர்க்கும்போது எனக்கே எரிச்சலாக இருந்தது. ரசிகர்களின் கோபத்தில் பாதி இந்த மாதிரி முட்டாள்தனங்கள் மீதுதான். அந்தப் பாதி நியாயமானது. விளங்காததை மன்னித்துவிடலாம், அறிவாளியென்று அறிமுகப்படுத்தப்பட்டவர் அசடாக நடந்துகொள்வதை மன்னிப்பது கடினம்.

மற்றப் பாதி, பதில் கிடைக்கவில்லை என்ற மனக்குறை. அது நியாயமா என்று பார்க்கப் பிற படங்கள் இருக்கின்றன. 1999இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' முன்கதை, அதுவரை மறைபொருளாக இருந்த ஆற்றலை இரத்தத்தில் உள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையாக மாற்றியபோது, 16 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் விளக்கம் கிடைத்ததற்காக மகிழவில்லை. அதே வரிசையில் 2016இல் வந்த 'ரோக் ஒன்', அவ்வளவு பெரிய போர்க்கோளில் ஒரே குண்டில் வெடிக்கும் பலவீனம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, அதை வடிவமைத்தவரே வேண்டுமென்று வைத்தது என்று பதில் சொன்னபோது பலர் கைதட்டினார்கள். அது கதையில் இருந்த பொத்தல். அடைத்தால் கப்பல் ஒழுகாது. நாற்காலிக்காரன் பொத்தல் கிடையாது. அவன் ஒரு சன்னல். 2017இல் வந்த 'ஏலியன்: கவனன்ட்', ரசிகர்கள் கேட்டபடியே அந்தக் கொடிய உயிரினத்தின் பிறப்பைச் சொன்னது. டேவிட்தான் ஆய்வுக்கூடத்தில் அதை வளர்த்தெடுத்ததாம். கேட்டது கிடைத்தது. 1979இன் அந்தப் பயங்கரம் மேசைமேல் வைத்த ஆய்வுக் குறிப்பாகச் சுருங்கியது. வசூலும் முந்தைய படத்தின் ஏறத்தாழ 40 கோடி டாலரிலிருந்து ஏறத்தாழ 24 கோடி டாலருக்கு இறங்கியது. என் சரிபார்ப்பாளர், அதைப் பார்த்துவிட்டு, "இதற்கு 223ஏ தேவலாம்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினார்.

தமிழ் சப்டைட்டிலோடு 'ப்ரொமீதியஸ்' வெளியாகி மூன்று வாரம் ஆனதும் எங்கள் பக்கத்துக்கு ஒரு புகார் வந்தது. உச்சக்காட்சியில், குறிப்பிட்ட நிமிடத்தில், ஒரு வசனத்துக்குத் தமிழ் வரி விடுபட்டுள்ளது, திருத்தவும். நேரக்குறியைப் பார்த்ததுமே எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. 'மூலத்தில் உள்ளபடியே' என்று இரண்டு சொல்லில் பதில் எழுதிப் புகாரை முடித்து வைத்தேன். அடுத்த மாதம் அதே நேரக்குறியோடு இன்னொன்று வந்தது. இந்த முறை புகார் எழுதியவர், விடுபட்ட வரி என்னவாக இருக்க வேண்டும் என்பதையும் தமிழில் தானே எழுதி அனுப்பியிருந்தார். நான் எழுதி அழித்ததைவிட அது நன்றாகவே இருந்தது.