வாசக்டமிக்குப் பின் குளத்திற்குத் திரும்பிய ஆறு வாரங்கள்

எங்கள் இரு குழந்தைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். ஆகவே கருத்தடையையாவது, ஆண்களுக்கான வாசக்டமி அறுவை சிகிச்சை வழியே, நான் செய்துகொள்வதுதான் முறை என்று தோன்றியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் தாங்களே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம் மட்டுமே. இதனால் எனக்கு நேர்ந்த சங்கடம் என்னவென்றால், வாரத்தில் நான்கு நாள் மும்பை செம்பூர் மாநகராட்சி நீச்சல் குளத்தில் நீந்தும் ஒருவன், மறுபடி எப்போது தண்ணீரில் இறங்கலாம் என்று கேட்பதற்குப் பழக்கமானவர்களில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தழும்பில்லா முறை என்று நம் ஊர்ச் சுகாதாரத் துறை விளம்பரங்களில் வருவதுதான் அது. கத்தியால் கீறாமல், விதைப்பைத் தோலில் ஒரு சிறு துளையிட்டு விந்துக்குழாயைத் துண்டிக்கும் இந்த முறை 1974இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் உருவாக்கியது. மரத்துப்போகும் ஊசி சுருக்கென்றது, பிறகு யாரோ அடிவயிற்றை உள்ளிருந்து இழுப்பது போன்ற ஓர் உணர்வு, அவ்வளவுதான். அரை மணி நேரத்திற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தையல்கூட இல்லை. இந்த எளிமைதான் பின்னால் என்னை ஏமாற்றியது.

மருத்துவர் கூறியவை: இரண்டு நாள் முழு ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், ஒரு வாரத்திற்கு இரவும் பகலும் இறுக்கமான உள்ளாடை அல்லது விதைப்பையைத் தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட்டர், அதே ஒரு வாரத்திற்கு எடை தூக்குவதும் சைக்கிள் ஓட்டுவதும் கூடாது, துளை முழுவதும் மூடும்வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், குளம் கூடாது. மூன்றாம் நாள் விதைப்பையின் ஒரு பக்கம் நாவற்பழ நிறமாகி, அந்த நிறம் மெல்லக் கீழே இறங்கியதைக் கண்டு பதறித் தொலைபேசியில் அழைத்தேன். வீக்கம் பெருகவில்லை, காய்ச்சல் இல்லை, வலி கூடவில்லை என்றால் அது தோலடியில் கசிந்த இரத்தம்தான், தானே மறையும் என்றார். மறைந்தது.

உடற்பயிற்சியைவிட நான் அஞ்சியது ஹார்பர் லைன் ரயிலுக்குத்தான். காலை எட்டரை மணிக்கு குர்லாவில் ஏறும் கூட்டத்தின் முழங்கைகளுக்கும் பைகளுக்கும் என் நிலைமை தெரியாதல்லவா? ஐந்தாம் நாள் அலுவலகம் சென்றபோது முதுகுப்பையை முன்பக்கமாகத் தாழ்வாகத் தொங்கவிட்டுக்கொண்டு, கேடயம் ஏந்திய போர்வீரனைப் போல நின்றேன். எட்டாம் நாளிலிருந்து மாலை நடை. பத்தாம் நாள் செட்டா நகர் முருகன் கோயில் படிகளை நிதானமாக ஏறிப் பார்த்தேன். ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு கனம் கீழே இழுத்தது. அன்று சப்போர்ட்டர் அணிய மறந்திருந்தேன்.

பதினைந்தாம் நாள் குளத்தில் இறங்கினேன். தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால், நிலத்தில் இருந்த கனம் முற்றிலும் அகன்று, எல்லாம் குணமாகிவிட்டது என்றே தோன்றியது. அந்தத் துணிவில் பதினேழாம் நாள் எனக்குப் பிடித்த பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் (தவளை நீச்சல்) இருபது சுற்று நீந்தினேன். நீந்தியபோது வலிக்கவில்லை. ஏணியைப் பிடித்து வெளியே ஏறிய அந்தக் கணத்தில், இடப்பக்கத்தில் ஒரு மந்தமான வலி எழுந்து இடுப்புவரை பரவியது. இரவு முழுவதும் தலையணையை முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இரத்தக்கட்டு இல்லை என்று உறுதிசெய்த பிறகு விளக்கினார். குளத்திற்குத் தடை விதிப்பதற்கான காரணங்கள் இரண்டு. நான் ஒன்றைத்தான் கணக்கில் கொண்டிருந்தேன். திறந்த துளை வழியே கிருமி நுழையக் கூடாது என்பது முதல் காரணம். அது தோல் மூடியதோடு தீர்ந்துவிடுகிறது. உள்ளே துண்டித்த விந்துக்குழாயின் முனைகளும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய திசுக்களும் ஆறுவதற்கு வேறு கணக்கு. விதைப்பை தளர்வானது; அங்கே ஒரு சிறு நாளம் மறுபடி கசிந்தால் அதை அழுத்தி நிறுத்தச் சுற்றிலும் இறுக்கமான தசை எதுவும் இல்லை. தவளையைப் போலத் தொடைகளை அகல விரித்து உதைப்பது அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு, கால்களை விரிக்காமல் மேலும் கீழும் உதைக்கும் ஃப்ரீஸ்டைல் மட்டும், அதுவும் மெல்லிய உதையோடு, ஆறு சுற்றில் தொடங்கினேன். மறுநாள் காலை வலி இல்லையென்றால் மட்டும் சில சுற்று கூட்டுவது என்று வைத்துக்கொண்டேன், ஏனெனில் என் உடல் தன் முறையீட்டைத் தண்ணீருக்குள் அல்ல, சில மணி நேரம் கழித்தே சொல்கிறது. தொளதொளவென்ற அரைக்கால் சட்டையை விட்டுவிட்டு, உடலை ஒட்டிய நீச்சலுடைக்கு மாறியது பெரிய உதவி. தொடைகளுக்கிடையே மிதவைக் கட்டையை வைத்து நீந்துவதையும் ஆறாம் வாரம்வரை தவிர்த்தேன். ஜிம்மில் எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் அடிவயிற்று அழுத்தம் அங்கேயும் இறங்குவதை உணர்ந்ததால், பாதி எடையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊரிலிருந்து பேசிய மாமா, "பலம் போயிடுமேப்பா" என்று கவலைப்பட்டார். ஆண் ஹார்மோன் விந்துக்குழாய் வழியே அல்ல, இரத்தத்தில் நேரே கலக்கிறது என்று விளக்கிப் பார்த்தேன். ஆறாம் வாரம் பழையபடி நாற்பது சுற்று முடித்ததைச் சொன்னபோதுதான் பாதி நம்பினார்.

நீந்த முடிகிறது என்பதற்காகக் கருத்தடை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருளல்ல. குழாயில் மிச்சமிருக்கும் விந்தணுக்கள் வெளியேற அவகாசம் தேவை. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, பிறகு கொடுத்த மாதிரியில் விந்தணு இல்லை என்று அறிக்கை வந்த பின்னரே அதை விட்டோம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் அதற்குள் திரும்பிவிட்டது. விளிம்பிலிருந்து கால்களை நீட்டிக் குதிப்பதை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. ஏணி வழியே இறங்குகிறேன், குளத்துக் காவலர் நீச்சல் மறந்துவிட்டதா என்று மராத்தியில் கேட்டுச் சிரிக்கிறார்.