கைப்பையின் அடியில் இருந்த துணி

அம்மாவுக்கு ஸ்கிளிரோடெர்மா, அதாவது தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகவைக்கும் நோய், என்று தெரிந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. குளிர்ந்த நீர் பட்டால் விரல்கள் வெளுத்து நீலம் பாரிப்பதும், முகத்தோல் இறுகி வாய் சிறுத்துப்போனதும், சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மலத்தை அடக்க முடியாமல் போனதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று சொல்லித் திருமணங்களுக்கு வராமல் இருந்தார். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, நான்காக மடித்து, கைப்பையின் அடியில் அவர் வைத்திருந்ததை நான் தற்செயலாகப் பார்த்த பிறகுதான் அழுதுகொண்டே சொன்னார்.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உள்ளன. உள்தசை, நாம் உறங்கும்போதும் தானாகவே வாயிலை மூடி வைத்திருப்பது; வெளித்தசை, அவசரத்துக்கு நாமாக இறுக்கிப் பிடிப்பது. உணவுக்குழாயை வலுவிழக்கச் செய்யும் அதே நோய் இந்த உள்தசையையும் மெலியவைத்து நாராக்கிவிடுவதால், வெளித்தசை ஓரளவு நன்றாக இருந்தும், அறியாமலே மலம் கசிந்துவிடுகிறது. அம்மா நினைத்ததுபோல் இது வயதின் தளர்ச்சியும் அல்ல, அவருடைய கவனக்குறைவும் அல்ல.

தசை மட்டுமே காரணமும் அன்று. சிறுகுடலின் அசைவு மந்தமாகி, அங்கே பாக்டீரியா பெருகினால் வயிறு உப்பி மலம் நீர்த்துப் போகும். அதற்கு ஆன்டிபயாடிக் மருந்து உண்டு. சிலருக்கு மலம் இறுகி அடைத்துக்கொள்ள, அதன் ஓரமாக நீர் மட்டும் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி, மலத்தைக் கட்டும் மாத்திரையைத் தாமாகவே போட்டுக்கொள்வது ஆபத்து. இடுப்புத்தளத் தசைகளுக்கு பயோஃபீட்பேக் முறையில், அதாவது தசை இறுகுவதைக் கருவியில் கண்டு பழகும்படி, பயிற்சி தருகிறார்கள்.

இன்னொன்று, பெண்கள்கூடத் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதது: விரல்கள் மடங்கி விறைத்துப் போனவருக்கு மலம் கழித்தபின் கழுவிக்கொள்வதே பெரும்பாடு. குவளையைப் பிடிக்க முடியாது, கை எட்டாது, தண்ணீரின் குளிர்ச்சியில் விரல் வலிக்கும். கழிப்பறையில் வெந்நீர்க் குழாயும், அழுத்தமில்லாமல் திறக்கும் கைக்குழாயும் வைத்தபின் அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியை எந்த மாத்திரையும் அதுவரை தரவில்லை.

இத்தனை ஆண்டுகளில் எந்த மருத்துவரும் மலக்கசிவைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்நோயாளிகளின் வயிற்றுத் தொல்லைகளை அளப்பதற்கென்றே 34 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. அதன் 7 பகுதிகளில் ஒன்று மலக்கசிவுக்கானது. சென்ற முறை நானே முந்திக்கொண்டு சொன்னேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, "எத்தனை நாளாகம்மா?" என்றார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "நாலு வருஷமா" என்றார்.