இங்ரமுக்குக் கறுப்பு அடித்த வாரம்

வெள்ளை போன வாரமே முடிந்துவிட்டது. இந்த வாரம் முழுக்கக் கறுப்போடுதான் பாடு.

செய்துகொண்டிருப்பது ‘பேட்லேபர்’ என்ற ஜப்பானிய அனிமே கதையில் வரும் போலீஸ் ரோபோ இங்ரமின் பிளாஸ்டிக் மாதிரி, 1/60 அளவு. கதைப்படி இதன் உயரம் 8.02 மீட்டர், என் மேசையில் பதின்மூன்று சென்டிமீட்டர் சொச்சம். தயாரிப்பு ஷினோஹாரா கனரகத் தொழில் நிறுவனம், அதுவும் கற்பனைதான். 1988-இல் தொடங்கிய இந்தக் கதையில் எனக்கு ரோபோவைவிட அந்த நிறுவனத்தைத்தான் அதிகம் பிடிக்கும். டோக்கியோ வளைகுடாவைத் தூர்க்கும் பெரிய வேலைக்கு, ஆள் ஏறி ஓட்டும் ‘லேபர்’ இயந்திரங்கள் வருகின்றன. நம் ஊர் பொக்லைன் மாதிரிதான். அவற்றை வைத்துக் குற்றங்கள் பெருகியதும் போலீசுக்கும் லேபர் தேவைப்படுகிறது. அப்படி வந்தது இங்ரம். காலுக்குள் 37 மில்லிமீட்டர் ரிவால்வர் இருக்கும். தோளில் ரோந்து வண்டியின் சிவப்பு விளக்கும் இருக்கும். ஷினோஹாராவின் முதலாளி மகன் அசுமாவே அந்தப் போலீஸ் பிரிவில் வேலை பார்க்கிறான். 1989 திரைப்படத்தில் வினையே அந்த நிறுவனத்தின் புது இயங்குதளத்தில்தான் ஒளிந்திருக்கும். பொருள் செய்து விற்கிற ஒரு கம்பெனிக்கு என்னென்ன நேருமோ, அதெல்லாம் இதற்கும் நேர்கிறது.

அதனால் இதை ஒரு வண்டியாக நினைத்துத்தான் பெயின்ட் அடிக்கிறேன். இவ்வளவு சின்ன மாதிரியில் சுத்தக் கறுப்பு அடித்தால் பொம்மை போலத் தெரியும். கறுப்பில் கொஞ்சம் நீலமும் ஒரு துளி வெள்ளையும் கலந்தேன். வெள்ளைப் பகுதிகளில் கறுப்பு படாமல் இருக்க மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒட்டவே இரண்டு மாலைகள் போயின. மார்பு வளைவில் டேப் தூக்கிக்கொண்டே இருந்தது. பல்குத்தும் குச்சியால் ஓரத்தை அழுத்தி அழுத்தி உட்காரவைத்தேன்.

புதன்கிழமை மழை. பொறுத்திருக்க வேண்டும், அடித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கறுப்பின் மேல் பால் ஊற்றியது போல ஒரு மங்கல். நான் அடிக்கும் லேக்கர் வகைப் பெயின்ட்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. கை நடுங்கிவிட்டது. சுரண்டவில்லை. வெயில் வந்த வெள்ளிக்கிழமை, மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) ஊற்றி, தூரத்தில் இருந்து பனி போல ஒரு சுற்று விட்டேன். மேல்படலம் லேசாக இளகி, மங்கல் கண்முன்னே கரைந்து கறுப்பு திரும்பி வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வாரம் தகும்.

அப்புறம் மூட்டுகள். இங்ரமின் முழங்காலையும் முழங்கையையும் துணி போன்ற உறை மூடியிருக்கும். அங்கே பளபளப்பு வந்தால் எல்லாம் கெட்டுவிடும். கரிச்சாம்பல் நிறம் அடித்து, மேலே மேட் பூச்சு கொடுத்தேன். மடிப்புகள் இப்போதுதான் துணியாகத் தெரிகின்றன.

போர்க்காயம், பெயின்ட் உரிந்த தடம் எதுவும் வைக்கப்போவதில்லை. நிறைய பேர் வைக்கிறார்கள், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதை ஓட்டும் நோவா இதற்கு ‘அல்ஃபோன்ஸ்’ என்று பெயர் வைத்து, ஒரு கீறல் விழுந்தாலும் துடித்துப்போகிறவள். பழுது பார்க்க ஒரு பட்டாளமே இருக்கிறது. அந்தப் பிரிவு இருப்பது கடலைத் தூர்த்த நிலத்தில். ஆகவே பாதத்தில் மட்டும் காய்ந்த சேற்றுநிறம், கணுக்காலுக்கு மேலே ஏறாமல்.

தோள் விளக்குகளுக்கு அடியில் வெள்ளி அடித்தாயிற்று. காய்ந்ததும், நாளைக் காலை மேலே கண்ணாடிச் சிவப்பு.