லிஸ்ட சனிக்கிழமை ராத்திரியே அனுப்புங்கய்யா

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பெரிய இசைக்கலைஞன் எல்லாம் கெடையாது. ராமேஸ்வரம் தீவுல ஒரு கடலோரக் கத்தோலிக்கப் பங்குக் கோயில்ல கீபோர்டு வாசிக்கிறேன், அவ்ளோதான். பங்கு பேரு வேணாம், எழுதுனா அடுத்த பங்குப்பேரவை கூட்டத்துல என்னைய வச்சு செஞ்சுருவாக. சம்பளம் கெடையாது, நானும் கேட்டதில்ல. பூசை முடிஞ்சா ஒரு டீ, நல்ல நாளா இருந்தா கூட ஒரு வடை. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. கொறை எல்லாம் வேற.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்குப் பூசை. பாட்டு லிஸ்ட் வாட்சப்புல எப்ப வரும்? அஞ்சரைக்கு. அதுலயும் காணிக்கைப் பாட்டு புதுசு, கூடவே ஒரு யூட்யூப் லிங்க், கீழ "தம்பி இத மட்டும் கொஞ்சம் பாத்துக்க"ன்னு ஒரு வரி. நான் பல்லு வெளக்கிக்கிட்டே அத கேட்டு, அதுக்கு ஏத்த கார்டு, அதான் ரெண்டு மூணு கீய ஒண்ணா அமுக்குற சுரக்கூட்டு, அதப் புடிச்சு, சட்டைய மாட்டிக்கிட்டு ஓடணும். லிஸ்ட் போடுற சிஸ்டரக் கேட்டா ஃபாதர் இன்னும் முடிவு பண்ணலம்பாங்க, ஃபாதரக் கேட்டா அது சிஸ்டர் வேலைம்பாரு. வாசகங்க எல்லாம் வருசம் பூரா முன்கூட்டியே காலண்டர்ல போட்டிருக்கு, எந்த ஞாயிறுக்கு என்ன நற்செய்தின்னு போன வருசமே தெரியும், அதுக்கு ஏத்த பாட்ட மட்டும் விடிஞ்சாத்தான் தேட முடியுமாம்.

சரி அத விடுங்க, சுருதிக்கு வாரேன்.

எங்க பாடகர் குழுவுல முன்னால நின்னு எடுத்துக் குடுக்குறது எனக்கு பெரியம்மா முறை. நல்ல கொரலு, பொய் சொல்லக்கூடாது, மைக்கே இல்லாம கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். ஆனா பலிபீடப் பையன் மணிய ஆட்டுன அடுத்த நொடி ஆரம்பிச்சுருவாக. நான் கார்டு குடுக்குறதுக்கு விரலத் தூக்கிருப்பேன், அதுக்குள்ள பல்லவி பாதி போயிருக்கும். இப்ப நான் என்ன பண்ணணும், அவுக எந்த ஸ்கேல்ல நிக்கிறாகன்னு சத்தம் வராம ஒரு கீய லேசா அமுக்கிப் பாக்கணும், டி-யா, இல்ல, டி ஷார்ப்பா, அதுவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. நடுவுல நிக்கிற ஆள எந்த கீய வச்சுப் புடிக்கிறது? நான் சி மேஜரும் ஏ மைனரும் மட்டும் ஒழுங்கா வாசிக்கிற ஆளு, மத்ததுக்கெல்லாம் ஸ்கேல ஏத்தி எறக்குற டிரான்ஸ்போஸ் பட்டன்தான், அத தட்டித் தட்டி ஏத்தி, சரி டி ஷார்ப்புனு முடிவு பண்ணி உள்ள நொழைஞ்சா, பெரியம்மா கீபோர்டக் கேட்டு கொஞ்சம் ஏறி வருவாக, பின்னால நிக்கிற ஆம்பளையாளுக பழைய எடத்துலயே நிப்பாக. வருகைப் பாட்டு முழுக்க இந்தக் கூத்துதான். ஃபாதர் பீடத்துக்கு வந்து சேந்துட்டாருன்னு பாட்ட நிறுத்தும்போதுதான் எல்லாரும் ஒரே சுருதிக்கு வந்திருப்போம்.

ஒரு நாளு மெதுவா சொல்லிப் பாத்தேன். "பெரியம்மா, நான் ஒரு கார்டு குடுக்குறேன், அதக் கேட்டுட்டு எடுங்க."

"ஏய்யா, ஒங்க ஆத்தாளும் நானும் ஒண்ணா நின்னு பாடுனவக. நீ பொறக்குறதுக்கு முன்னாடி. எனக்கு நீ சுருதி சொல்றியா?"

முடிஞ்சுது. இதுக்கு மேல யாரு பேசுறது? கூலி குடுத்து கூப்புட்ட ஆளா இருந்தா சொல்லலாம், திருத்தலாம், அடுத்த வாரம் வேற ஆளப் போடலாம். இங்க எல்லாரும் சும்மா வாராக, எல்லாரும் சொந்தம். பூசைல வாயத் தொறந்தா மத்தியானம் வீட்டுல சோறு எறங்காது.

அடுத்தது ரிதம். ரிதம் பேட், அதான் குச்சியால தட்டுற எலக்ட்ரானிக் டிரம்மு, அத வாசிக்கிற தம்பி விசைப்படகுல கூலிக்குப் போறவன். ராமேஸ்வரத்துல விசைப்படகு வாரத்துக்கு மூணு நாளு கடலுக்குப் போகும், திங்க, புதன், சனி. சனிக்கிழமை காலைல போனா ஞாயித்துக்கிழமை காலைலதான் கரை. பூசை நேரத்துக்கு அவன் ஜெட்டில எறாலப் பிரிச்சுக்கிட்டு இருப்பான். அதுனால முக்காவாசி ஞாயிறு கீபோர்டுல இருக்குற ஆட்டோ ரிதம்தான் கதி. அதுல என்ன செரமம்னா, மிசினு ஒரே வேகத்துல போகும், சனம் அப்படிப் போகாது. சரணத்துல ரெண்டாவது வரில இழுக்க ஆரம்பிப்பாக, மூணாவது வரில அர தாளம் பின்னால இருப்பாக, மிசினு அது பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கும். மனுசன் வாசிச்சா அவுக கூட சேந்து இழுத்துக் குடுப்பான். நான் ஸ்டாப்ப அமுக்கி ரிதத்த வெட்டிட்டு வெறும் கார்ட மட்டும் புடிச்சுக்கிட்டு போவேன், அப்பறம் யாராவது வந்து "என்ன தம்பி இன்னைக்கு தாளமே இல்ல, தூங்கிட்டியா"ம்பாக.

காத்து எச்சரிக்கை வந்தாலோ, இலங்கைப் பக்கம் படகப் புடிச்சுட்டாகன்னு ஸ்டிரைக்கு நடந்தாலோ எல்லாப் பயலும் வந்து நிப்பான். ஆனா யாரு மொகத்துலயும் ஈயாடாது. வீட்டுல அரிசிக்கு என்ன பண்ணன்னு யோசிச்சுக்கிட்டு இருக்குறவன்ட்ட போயி அந்த எடத்துல ஒரு ரோல் போடுன்னு எப்படிச் சொல்ல.

இந்த உப்புக்காத்து இருக்கே, அது இன்னொரு எதிரி. கித்தார் கம்பி துரு ஏறுறது எல்லாருக்கும் தெரியும், தபலா தோல் ஈரத்துல தொங்கிரும், அதுவும் தெரியும். கீபோர்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் கழட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒவ்வொரு கீ அடியிலயும் ஒரு ரப்பர் இருக்கு, அதுல ரெண்டு கார்பன் பொட்டு. கீய அமுக்கும்போது ஒண்ணு முன்னாடி தொடும், ஒண்ணு பின்னாடி தொடும், அந்த இடைவெளிய வச்சுத்தான் நாம மெதுவா அடிச்சோமா ஓங்கி அடிச்சோமான்னு மிசினு கண்டுபுடிக்குது. அந்தப் பொட்டுல உப்பும் ஈரமும் படிஞ்சு ஒண்ணு வேலை செய்யலன்னா கணக்கு தப்பிரும், ஒண்ணு அந்த கீ ஊமையாயிரும், இல்லன்னா எவ்ளோ மெதுவா தொட்டாலும் முழு சத்தத்துல கத்தும். திருவிருந்து முடிஞ்சு எல்லாரும் கண்ண மூடி முழங்கால்ல இருக்கும்போது நான் லேசா ஒரு மெட்டு வாசிப்பேன், அதுல நடு சி மட்டும் தூங்குற வீட்டுல சருவச்சட்டியப் போட்ட மாதிரி டங்குனு விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையுற பஞ்சுல தொட்டு ஒவ்வொரு பொட்டா தொடச்சு மாட்டுனா கொஞ்ச மாசம் ஓடும். அந்த பாட்டில் காச பங்குல கேட்டதுக்கு பில்லு இருக்கான்னாக. பில்லக் குடுத்தேன், காசு இன்னும் வரல.

மைக்செட்டு பத்தி பேசுனா ரத்தக்கொதிப்பு ஏறும், சுருக்கமா சொல்றேன். ஆம்ப்ளிஃபயர் இருக்குற அலமாரி சாவி ஒரு பெரியவர் மடியில இருக்கும். எக்கோவ முழுசாத் திருகி வச்சிருக்காரு. காங்கிரீட்டு கோயிலுக்குள்ள ஏற்கனவே எதிரொலி, அதுக்கு மேல இவரு எக்கோ. கொறைங்கன்னு சொன்னா "அப்பத்தான் சினிமாவுல வர்ற மாதிரி இருக்கும்"னு பதில்.

தவக்காலம் வந்தா கொஞ்சம் நிம்மதின்னுதான் சொல்லுவேன். ஒண்ணு ரெண்டு விழா நாளத் தவிர அந்த நாப்பது நாளும் வாத்தியம் பாட்டுக்குத் துணையா மட்டும்தான் இருக்கணும், சும்மா தனியா வாசிக்கக் கூடாதுங்குறது சட்டம். பெரிய வியாழன் பூசைல 'உன்னதங்களிலே'ங்குற புகழ்ச்சிப் பாட்டு பாடும்போது மணி அடிக்கும், அதோட மணியும் அடங்கிரும் வாத்தியமும் அடங்கிரும், மணிக்குப் பதிலா மரக்கட்டையத் தட்டுவாக. அப்பறம் ஈஸ்டருக்கு முந்துன பாஸ்கா ராத்திரி மறுபடியும் உன்னதங்களிலே வரும்போதுதான் எல்லாம் ஒண்ணா தொறக்கும். வருசத்துலயே எனக்குப் புடிச்ச நிமிசம் அதுதான். 2025ல ஈஸ்டர் ஏப்ரல் 20. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாளு, அதுனால படகெல்லாம் கரைல கெடக்கு, பேட் தம்பி, கித்தார் பையன், கோரஸ் எல்லாரும் ஆஜர். மூணு நாளு ராத்திரி பிராக்டீஸ் கூட நடந்துச்சு, நம்புங்க. பெரியம்மா கார்டக் கேட்டு எடுத்தாக!

இருட்டுல மெழுகுவத்தி வெளிச்சத்துல வாசகம் எல்லாம் முடிஞ்சு, ஃபாதர் உன்னதங்களிலேன்னு எடுக்குறாரு, மணி அடிக்குது, நான் கைய வச்சுட்டேன், பேட் தம்பி ரோல் போடுறான், புல்லரிச்சுப் போச்சு. அந்த நேரம் பாத்து யாரோ ஒரு புண்ணியவான் கோயில்ல உள்ள அத்தன லைட்டையும் ஃபேனையும் சீரியல் செட்டையும் ஒரே நேரத்துல போட்டுவிட்டாரு. வோல்டேஜ் சட்டுனு எறங்குச்சு, கீபோர்டு செத்து மறுபடி எந்திரிச்சுச்சு. எந்திரிச்சா அது புதுசாப் பொறந்த புள்ள, டிரான்ஸ்போஸ் சைபர், டோன் வெறும் பியானோ. நான் கைய எடுக்கவே இல்ல, அதுனால பாட்டு டி ஷார்ப்புல போகுது, நான் சி-ல போட்டுத் தாக்குறேன். உள்ள பேட்டரி போட்டிருந்தா அணைஞ்சிருக்காது, ஆனா பேட்டரி போடுற எடத்துல கம்பி பூரா பச்சை பூத்துப் போயி ரொம்ப நாளாச்சு. மறுநாள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "நேத்து என்ன தம்பி, பிராக்டீஸ் பண்ணலயா?" லைட்டப் போட்டவரும் கேட்டாரு.

இதெல்லாம் கூட சிரிச்சுக்கிட்டே சொல்லிருவேன். சிரிப்பு வராதது திருவிழாதான். இந்தக் கடற்கரைல திருவிழாவுக்குக் கொறைச்சல் இல்ல, கச்சத்தீவு அந்தோணியார்ல இருந்து தங்கச்சிமடம் பக்கம் சந்தியாகப்பர் வரைக்கும், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கொடியேத்தம், நவநாளு, தேரு. எங்க ஊரு திருவிழாவுல ஒம்பது நாளு நவநாளுக்கும் நாங்கதான், பத்தாவது நாளு பெரிய பூசைக்கு மட்டும் வெளியூர்ல இருந்து காசு குடுத்து இசைக்குழு. வெடிக்குக் காசு, பூவுக்குக் காசு, சீரியல் செட்டுக்குக் காசு, எல்லாத்துக்கும் திருவிழா வரிப் பணத்துல ஒதுக்கீடு இருக்கு. எங்களுக்கு ஒரு நல்ல ஸ்டெபிலைசர் கேட்டா "கோயில் காரியத்துக்குக் கணக்கு பாக்கலாமாப்பா"ன்னு ஒரு பேச்சு. வந்தவக வாசிச்சது அருமைதான், இல்லங்கல, நானே வாயப் பொளந்து பாத்தேன். ஆனா ஒரு சனமும் பாடல. பாட்டெல்லாம் தெரிஞ்ச பாட்டு, ஸ்கேல் எட்டாத ஒசரம், எல்லாரும் செல்போனத் தூக்கி வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கிறாக. 1963ல ஆயர்மாரு கூடுன ரெண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டப் பத்தி போட்ட ஏட்டுல மக்கள் முழுசா பங்கெடுக்கணும்னுதான் எழுதிருக்கு, இத முன்னால இருந்த ஃபாதரு எங்ககிட்ட அடிக்கடி சொல்லுவாரு, "நீங்க கச்சேரி பண்ணாதீங்கப்பா, சனத்தப் பாட வைங்க"ன்னு. அவரு சொன்னது சரி. பெரியம்மா ரெண்டு சுருதிக்கு நடுவுல நின்னாலும் அவுக பின்னால கோயிலே பாடும்.

அதுனால எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம். ஒரு ஸ்டெபிலைசர், அலமாரி சாவில ஒரு டூப்ளிகேட்டு, லிஸ்ட் சனிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்குள்ள. போன வாரம் இத ஒரு பேப்பர்ல எழுதி ஃபாதர்ட்ட குடுத்தேன். வாசிச்சுட்டு நல்லாருக்கு தம்பி, பேரவைல பேசுவோம்னாரு. இன்னைக்கு சனிக்கிழமை, மணி பத்தரை, குரூப்புல யாரோ குட் நைட் படம் போட்டிருக்காக, லிஸ்ட் வரல.