லூயிஸ்: தண்டவாளம் தோண்டப் போய்க் கிடைத்த சங்கம்

முதலில் அந்த டாக்சிக்காரர் கதை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இருக்கும் லூயிஸ் ஊரில், ரயில் நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போயிருக்கலாம், பத்து நிமிடம்தான். தூறுகிறதே என்று ஏறித் தொலைத்தேன். மேட்டில் இரண்டு திருப்பம், இறங்குங்கள் என்றார். அவர் வாங்கிய காசில் ஊரில் நான்கு பேர் பிரியாணி சாப்பிடலாம். பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்க்காதே என்று எத்தனை முறை சொன்னாலும் மனசு கேட்பதில்லை.

சரி, பிரைட்டனில் கடலைப் பார்க்காமல் இங்கே ஓடி வந்தது சசெக்ஸ் தொல்லியல் சங்கத்துக்காக. 1846-இல் ஆரம்பித்தது. அரசுத் துறை இல்லை, சந்தா கட்டும் உறுப்பினர்களின் சங்கம். லூயிஸ் கோட்டைக்குள் 1850-இலேயே குடிவந்துவிட்டார்கள். ஃபிஷ்போர்ன் ரோமானிய அரண்மனையும் இவர்கள் பொறுப்புதான். நிர்வாகத்துக்குக் கிழக்கு சசெக்ஸ், மேற்கு சசெக்ஸ் என்று இரண்டு உண்டு. சங்கத்துக்கு இன்றும் ஒரே சசெக்ஸ். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

கோட்டை டிக்கெட் பர்ஸைக் கடித்தது. மேலே ஏறினால் காற்றும் பச்சை மேடுகளும். அப்புறம் கீழே இறங்கி சவுத்தோவர் தேவாலயத்துக்கு நடந்தேன் (டாக்சியா? கையெடுத்துக் கும்பிட்டேன்). அங்கே ஒரு சிறு அறையில் இரண்டு ஈயப் பெட்டிகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்குள் அடங்கிவிடும். கோட்டையைக் கட்டிய வில்லியம் டி வாரனும் மனைவி குந்த்ராதாவும் வெறும் எலும்பாக அவற்றில் இருந்தார்கள். பெயர்கூடப் பொறித்திருக்கிறது.

1845-இல் பிரைட்டன் ரயில் பாதைக்காக, இந்தத் தம்பதி நிறுவிய மடாலயத்தின் இடிபாட்டைக் குறுக்கே வெட்டியபோதுதான் கூலியாட்களின் கடப்பாரைக்கு இவை அகப்பட்டன. ஊரே திரண்டு வந்து பார்த்தது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் மறு வருடம் சங்கம் பிறந்தது. ஹரப்பாவின் செங்கல்லை ரயில் பாதைக்கு ஜல்லியாகப் போட்டார்களே, அந்த நினைப்பு வந்து வயிறு எரிந்தது.

மடாலய இடிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. ஈர பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவிலிருந்த புளியோதரையைத் தின்றேன். இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான். பக்கத்திலேயே தடதடவென்று ரயில் போனது. காலையில் நானும் அதே வழியாகத்தான் வந்திருக்கிறேன், செல்போனைப் பார்த்தபடி.

திரும்பும்போது ஜன்னலோரம் பிடித்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நிலையத்தை விட்டதும் கொஞ்சம் புல்மேடு, ஒரு வேலி. அவ்வளவுதான், போய்விட்டது.